நான்கு துண்டு போதும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையின் அத்தையும் மாமாவும் டிசம்பர் முதல் வாரம் பிரஸ்ஸல்ஸுக்கு வருகிறார்கள், இரண்டே நாள்தான் இருப்பார்கள், சாக்லேட்டுக்கும் இனிப்புக்கும் எங்கே அழைத்துப் போவது என்று கேட்டிருந்தாய். அந்த ஊரிலேயே ஆறு வருடமாக இருக்கிற நீ, நாற்பது நாள் தங்கிய என்னிடம் இதைக் கேட்டது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! நீங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். முப்பது வருடம் அல்வா கிண்டியவனுக்கு இனிப்புக் கடை கண்ணில் பட்டால் கால் தானாக நின்றுவிடும்.

முதலில் செயின்ட் ஹூபர்ட் கண்ணாடிக் கூரை வீதிக்கு அழைத்துப் போ. 1847-இல் திறந்தது. மழை பெய்தாலும் அத்தை நனையாமல் நடக்கலாம். அங்கே நோய்ஹௌஸ் கடை இருக்கிறது. 1857-இல் அது மருந்துக் கடையாகத்தான் தொடங்கியது. கசப்பு மருந்தின் மேல் சாக்லேட் பூசிக் கொடுத்திருக்கிறார்கள், நம் வீடுகளில் தேனில் குழைத்துக் கொடுப்பதைப் போல. 1912-இல் கடையைத் தொடங்கியவரின் பேரன் அந்த மருந்தை எடுத்துவிட்டு உள்ளே இனிப்பையே வைத்தார். பெல்ஜியத்தின் பிராலின் அப்படித்தான் பிறந்தது.

என்னை அதைவிடக் கவர்ந்தது அவருடைய மனைவி லூயிஸ் அகோஸ்டினி 1915-இல் செய்தது. அதுவரை பிராலினைக் காகிதக் கூம்பில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அடியில் கிடப்பது நசுங்கிப்போகும். அந்த அம்மாள் அட்டையில் ஒரு பெட்டியை வடிவமைத்தார். பலோட்டன் என்கிறார்கள். இன்று அந்த ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் அந்தப் பெட்டிதான். செய்தவன் அடுப்படியில் பட்ட பாடு வாங்குகிறவர் வீடு போய்ச் சேரும்வரை கெடக்கூடாது என்று நினைத்த மனம் அது. சூடான அல்வாவை வாழையிலையில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு அது நன்றாகப் புரிந்தது.

நல்ல சாக்லேட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அத்தை கேட்பார். இப்படிச் சொல். மேல் ஓடு பளபளப்பாக இருக்க வேண்டும். கனமான துண்டை உடைத்தால் ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும். நாக்கில் வைத்தால் கடிக்காமலே கரைய வேண்டும். இந்த மூன்றும் பதத்தில் இருக்கிறது. கருப்புச் சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 27, 28 வரை குளிரவைத்து, மறுபடி 31, 32-க்குக் கொண்டுவருகிறார்கள். கொக்கோவில் உள்ள கொழுப்பு ஆறு விதமாக உறையும். அதில் ஒன்றுதான் இந்தப் பளபளப்பையும் சத்தத்தையும் தரும். அந்த ஒன்றைப் பிடிப்பதற்குத்தான் இவ்வளவு பாடு. கம்பிப் பதம் ஒரு நிமிடம் தவறினால் பாகு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். ஒரு பட்டறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று, சலவைக்கல் மேல் ஒரு பையன் சாக்லேட்டை விரித்து வழிப்பதை வெகுநேரம் பார்த்தேன். அவன் மணிக்கட்டு திரும்பிய விதத்தில் தொழில் தெரிந்தது.

அடுத்து சாப்லோன் சதுக்கம். நடந்தால் மேடு; அத்தைக்கு முழங்கால் வலி என்றால் டிராமில் போய்விடுங்கள். அங்கே மார்கோலினி கடை இருக்கிறது. கொக்கோக் கொட்டையை வாங்கித் தாங்களே வறுத்துச் செய்கிறவர்கள். விலை அதிகம்தான், ஆனால் ஒரு துண்டில் பழப் புளிப்பு, இன்னொன்றில் புகை வாசம் என்று கொட்டை விளைந்த மண்ணே நாக்கில் தெரிகிறது. அதே சதுக்கத்தில் 1910-இலிருந்து இருக்கிற விட்டாமர் கேக்குக்கும் பேஸ்ட்ரிக்கும் பேர்போனது. மாமா சைவம் என்பதால் மூஸ் என்கிற நுரைபோன்ற இனிப்பு வகைகளில், விலங்கிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் இருக்கிறதா என்று கேட்டு வாங்கு. பிராலின் சிலவற்றுக்குள் மதுவும் இருக்கும், அதையும் கேள். கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறார்கள்.

ஊருக்கு எடுத்துப் போய்ப் பத்துப் பேருக்குக் கொடுக்க வேண்டும் என்றால் லியோனிடாஸ் போதும். கிரேக்கக் குடும்பத்தில் வந்த ஒருவர் 1913-இல் தொடங்கியது. சாதாரண மக்களும் சாக்லேட் வாங்க வேண்டும் என்று நடைபாதையை நோக்கி ஜன்னல் வைத்து விற்றவர்கள். விலை குறைவு என்று ஒதுக்காதே, காபி கிரீம் வைத்த அவர்களுடைய மனோன் சாக்லேட் எனக்கு மிகவும் பிடித்தது.

ஊர் நடுவில் இருக்கிற கிராண்ட் பிளாஸ் என்கிற பெரிய சதுக்கத்தை ஒட்டிய வெண்ணெய்த் தெருவில் தாந்துவா கடை. 1829-இல் தொடங்கிய பிஸ்கட் கடை. ஸ்பெகுலோஸ் என்கிற பட்டை மணக்கும் பிஸ்கட்டை மரஅச்சில் அழுத்திச் செய்வார்கள். டிசம்பர் 6 புனித நிக்கோலஸ் நாள் என்பதால், இவர்கள் வரும் சமயம் அவருடைய உருவத்தில் பெரிய பெரிய பிஸ்கட் இருக்கும். நம் வீட்டு அச்சுமுறுக்குக் கட்டையும் சந்திரகலா மடிப்பும் நினைவுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டேன்.

வாஃபிள் விஷயத்தில் மட்டும் கவனம். மன்னெகென் பிஸ் என்கிற, சிறுநீர் கழிக்கும் சிறுவன் சிலைக்குப் போகும் வழியில் ஒரு கடையில் கிரீமும் ஸ்ட்ராபெரியும் சாக்லேட் குழம்பும் மலைபோல் குவித்துக் கொடுத்தார்கள். காலையில் சுட்டு அடுக்கியதை மறுபடி சூடாக்கியது. அடியில் ரப்பர்போல் இழுத்தது. பாதியைத் தின்ன முடியவில்லை. அப்போதுதான் வார்த்துத் தருகிற இடத்தில் வாங்கு. பிரஸ்ஸல்ஸ் வாஃபிள் நீள்சதுரம், இலேசானது, மேலே பொடித்த சர்க்கரை போதும். லியேஜ் வாஃபிள் கனமானது, மாவுக்குள் இருக்கிற சர்க்கரை மணிகள் சூட்டில் உருகி மொறுமொறுவென்று ஆகிவிடும். அதற்கு மேலே எதுவுமே வேண்டாம்.

இன்னொன்று. போன மே மாதம் நீ அனுப்பிய பெட்டியைப் பற்றிப் போனில் ‘நன்றாக இருந்தது’ என்று மட்டும் சொன்னேன். திருநெல்வேலி வெயிலில் உருகி உறைந்து, மேலெல்லாம் வெண்மை பூத்து வந்து சேர்ந்தது. பூஞ்சை என்று அம்மா பயந்துவிட்டாள். பூஞ்சை இல்லை, கொக்கோக் கொழுப்பு மேலே வந்து படிந்தது. சாப்பிட்டோம், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நீ சம்பாதித்த காசில் வாங்கியது அந்தப் பதத்தை இழந்து வந்ததைப் பார்க்க மனம் கேட்கவில்லை. இனி அனுப்பாதே, அம்மா. கிரீம் வைத்தது சில நாளில் தின்ன வேண்டியது, எங்களுக்காகக் கடல் தாண்டக்கூடாது. அந்தப் பணத்துக்கு நீயே அங்கே வாங்கித் தின்றால் எங்கள் வயிறு நிறையும். அத்தனை கடைகளைத் தினமும் தாண்டி அலுவலகம் போகிற நீ, நான் வந்திருந்தபோதுதான் ஒன்றுக்குள் முதல்முறை நுழைந்தாய் என்பதை நான் மறக்கவில்லை.

சாப்லோனில் மார்கோலினியில் நான்கு துண்டு மட்டும் வாங்கு. எதிரே சாலையைத் தாண்டினால் சிறிய பூங்கா இருக்கிறது. சுற்றிலும் 48 வெண்கலச் சிலைகள், ஒவ்வொன்றும் பழைய காலத்து ஒரு தொழிலுக்கு. நான் ஒவ்வொருவர் கையிலும் என்ன கருவி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே பல மதியம் அங்கே இருந்திருக்கிறேன். அத்தையையும் மாமாவையும் அங்கே பெஞ்சில் உட்காரவைத்து ஆளுக்கு ஒன்று கொடுங்கள். கருப்பு உனக்கு. தின்று முடித்துவிட்டு எனக்குப் போன் செய். உள்ளே என்ன இருந்தது என்று சொல். அப்போது இங்கே இரவு ஆகியிருக்கும், பரவாயில்லை, விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா