செயலாளரின் ஆண்டறிக்கை 2025: டார் எஸ் சலாம் விக்கித் தொகுப்பாளர் பயிற்சி

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் இந்தப் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். தான்சானியாவின் டார் எஸ் சலாமில் விக்கிப்பீடியாவில் எழுதப் புதியவர்களைப் பயிற்றுவிக்கும் நம் சங்கம் சனவரி முதல் டிசம்பர் வரை செய்த பணிகளின் அறிக்கையை அவை முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. ஜூலை 7, உலகக் கிஸ்வாஹிலி நாளன்று முழுநாள் தொகுப்பு அமர்வு நடந்தது. ஆகஸ்ட் 6 முதல் 9 வரை நைரோபியில் நடந்த விக்கித் தொகுப்பாளர்களின் உலக மாநாடான விக்கிமேனியாவுக்கு உறுப்பினர் சிலர் பேருந்தில் போய்வந்தார்கள். விக்கி லவ்ஸ் ஆப்பிரிக்கா ஒளிப்படப் போட்டிக்குப் படங்கள் அனுப்பினோம். இணைய வசதி இல்லாத ஒரு பள்ளியில், ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் ஓடும், இணையமின்றித் தொகுக்கப் பழக உதவும் விக்கிஃபுண்டி மென்பொருளை வைத்து ஒரு நாள் பயிற்சி தந்தோம். அக்டோபர் 29 தேர்தலை ஒட்டி நாடு முழுதும் இணையம் தடைப்பட்டதால் அந்த வார அமர்வு நடக்கவில்லை.

அடுத்து வார்டுத் திட்டம், அதாவது வார்டுக் கட்டுரைகளில் புதிய மக்கள்தொகை எண்ணைப் புதியவர்களைக் கொண்டு சேர்க்கும் வேலை. செயற்குழுவில் இதைப் பற்றிக் கேள்வி எழுந்ததால் சற்று விரிவாகவே சொல்கிறேன். "எண் மாற்றும் வேலைக்கா ஆள் சேர்க்கிறோம்?" என்று கேட்டார்கள். ஆம், முதல் வேலை அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பதே என் பதில்.

கட்டா என்பது மாவட்டத்துக்குக் கீழே உள்ள வார்டு. தான்சானியாவில் இவை மூவாயிரத்துக்கும் மேல். டார் எஸ் சலாமில் மட்டும் ஏறத்தாழ நூறு. 2003-இல் தொடங்கிய சுவாஹிலி விக்கிப்பீடியாவில் இவற்றுக்கான கட்டுரைகளில் பெரும்பாலானவை இரண்டு வரிக் குறுங்கட்டுரைகள்தாம். அங்கே அவற்றை 'ம்பெகு', அதாவது விதை என்கிறார்கள். இன்ன மண்டலத்தில் இன்ன மாவட்டத்தின் கட்டா இது, 2012 கணக்கெடுப்பில் இத்தனை பேர் என்பதோடு கட்டுரை நின்றுவிடும். 2022 ஆகஸ்ட் 23 இரவை அடிப்படையாக வைத்து எடுத்த கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகை 4,49,28,923-இலிருந்து 6,17,41,120 ஆகவும், இந்த நகரத்தினுடையது 43,64,541-இலிருந்து 53,83,728 ஆகவும் உயர்ந்துவிட்டது. பல கட்டுரைகள் இன்னும் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கின்றன.

புதியவருக்கு இதைவிடப் பொருத்தமான முதல் திருத்தம் எனக்குத் தெரியவில்லை. கட்டுரை ஏற்கெனவே இருப்பதால் குறிப்பிடத்தக்கமை, அதாவது தனிக் கட்டுரைக்குத் தகுதி உண்டா என்பது பற்றிய சண்டை வராது. ஆதாரம் ஒன்றே ஒன்று. தேசியப் புள்ளிவிவர அலுவலகத்தின் அறிக்கை. வாக்கியமோ சிறியது. ஒரு மேற்கோளை, அதாவது ஆதாரக் குறிப்பை, முறையாக இட ஒருவர் கற்றுக்கொள்ள அது போதும். நாங்கள் பின்பற்றும் முறை இது: அறிக்கையின் பி.டி.எஃப். பெரிய கோப்பு என்பதால் எல்லாரும் தனித்தனியே இறக்கி இணையப் பொதியைத் தீர்க்காமல் பென்டிரைவில் கொண்டுவந்து கொடுக்கிறோம். ஒருவருக்கு ஒரு வார்டு. இருவர் ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் திருத்தினால், பிந்திச் சேமிப்பவருக்குத் தொகுத்தல் முரண்பாடு என்ற எச்சரிக்கை வரலாம். முதல் நாளிலேயே அதைப் பார்த்து மிரண்டவர் அடுத்த வாரம் வருவதில்லை. 'ஹரிரி' (தொகு) பொத்தானை அழுத்தி, பழைய வாக்கியத்தை அப்படியே விட்டு, அதன் பின் புதிய வாக்கியத்தைச் சேர்த்து, அட்டவணை உள்ள பக்க எண்ணோடு மேற்கோள் இட்டு, கட்டுரையின் அடியில் 'தன்பிஹி' (குறிப்புகள்) தலைப்பின் கீழ் அது தோன்றுகிறதா என்று பார்த்து, என்ன மாற்றினோம் என்ற திருத்தச் சுருக்கம் எழுதிய பிறகே வெளியிட வேண்டும்.

இவ்வளவு எளிய வேலையிலும் பிழைகள் வந்தன. எண்ணை மட்டும் மாற்றிவிட்டு ஆண்டையும் மேற்கோளையும் 2012-ஆகவே விட்டுவிடுவது மிக அதிகம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது விஷமத் தொகுப்புப் போலவே தெரியும், மீளமைத்துவிடுவார்கள், அதாவது பழையபடி மாற்றிவிடுவார்கள். அடுத்தது பெயர்க் குழப்பம். மஜெங்கோ என்ற பெயரில் மோஷியிலும் ஒரு வார்டு உண்டு, சொங்கேயாவிலும் உண்டு. கலொலேனி மோஷியிலும் இருக்கிறது, அருஷாவிலும் இருக்கிறது. அட்டவணையில் மாவட்டத் தலைப்பைப் பார்க்காமல் எண்ணை எடுத்தால் வேறு ஊர்க்காரர்களைக் கொண்டுவந்து குடியேற்றிவிடுவோம். மூன்றாவது, எல்லை மாற்றம். இந்த நகரத்தில் கினொண்டோனியிலிருந்து உபுங்கோவும் தெமேகேயிலிருந்து கிகாம்போனியும் தனி மாவட்டங்களாகிவிட்டன. 2016-இல் ம்பேயா மண்டலத்திலிருந்து சொங்வே பிரிந்தது. கட்டுரையின் முதல் வரி, பகுப்பு (கட்டுரை சேரும் வகை), வார்ப்புரு (பக்கத்தில் சேர்க்கும் ஆயத்தப் பெட்டி) மூன்றிலும் மாவட்டப் பெயர் இருக்கும். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் கட்டுரை தன்னோடு தானே முரண்படும். ஒரு வார்டே இரண்டாகப் பிரிந்திருந்தால் பத்தாண்டில் பாதி மக்கள் ஊரைவிட்டுப் போனதுபோல எண் இறங்கித் தெரியும். அதனால்தான் பழைய எண்ணை அழிக்கக் கூடாது என்றும், பிரிவினையை ஒரு வரியில் சொல்ல வேண்டும் என்றும் விதி வைத்தோம்.

விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவிலும் அதே எண்ணைச் சேர்க்கச் சொன்னோம். அங்கே மக்கள்தொகையைக் குறிக்கும் பண்பின் எண் பி1082. அதோடு காலத்தைக் குறிக்கும் பி585-ஐ இணைக்காவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. புதிய எண்ணுக்கு முன்னுரிமைத் தரம் கொடுக்கவும் மறக்கக் கூடாது.

வார்டு முடிந்தவருக்கு அடுத்த படி, அதே வார்டைப் பற்றி இரண்டு ஆதாரங்களோடு ஒரு பத்தி. கரியாகூ என்ற பெயர் முதல் உலகப் போர்க்காலச் சுமைதூக்கிகளின் 'கேரியர் கோர்' படையிலிருந்து வந்தது என்பது போன்ற செய்திகள் இங்கேதான் கட்டுரைக்குள் வருகின்றன. இணையத்தில் ஆதாரம் கிடைக்கவில்லை என்று பலர் நின்றுவிடுகிறார்கள். அச்சில் மட்டும் உள்ள நாளிதழையும் நூலையும் மேற்கோள் காட்டலாம். இதழின் பெயர், தேதி, பக்கம் இருந்தால் போதும், இணைப்பு கட்டாயமில்லை. டார் எஸ் சலாம் பல்கலைக்கழக நூலகத்தின் கிழக்கு ஆப்பிரிக்கத் தொகுப்பில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தவர் பத்துக் கட்டுரைக்கான ஆதாரத்தோடு எழுந்து வருவார்.

பயனர் கணக்குகள் விஷயத்தில் இந்த ஆண்டு பாடம் கற்றோம். ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குகளுக்கு மேல் தொடங்க முடியாது. ஏழாவது ஆள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முன்கூட்டியே விண்ணப்பித்து வரம்பை நீக்கலாம். அல்லது வரும் முன் வீட்டிலேயே கணக்குத் தொடங்கச் சொல்லலாம். இப்போது இரண்டையும் செய்கிறோம். மின்னஞ்சல் கொடுக்காமல் கணக்குத் தொடங்கியவர் கடவுச்சொல்லை மறந்தால் கணக்கு போனதுதான். மூன்று வாரம் கழித்து வேறு பெயரில் வருவார், அவர் முன்பு செய்ததை நாம் பின்தொடர முடியாது. நிறுவனத்தின் பெயரில் கணக்கு வேண்டாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் அதற்காகவே தடை விழும். அங்கே நான்கு நாளும் பத்துத் திருத்தமும் ஆகாமல் நேரடியாகப் புதுக் கட்டுரை இட முடியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கைப்பேசியில் இணைய முகவரியை மறைக்கும் வி.பி.என். ஓடிக்கொண்டிருந்தால், உள்நுழைந்திருந்தாலும் பல வேளைகளில் தொகுக்க விடாது. வந்ததும் அதை அணைக்கச் சொல்வதே பயிற்றுநரின் முதல் வேலை. வி.பி.என். இல்லாமலும் தடை வருவதுண்டு. கைப்பேசி நிறுவனங்கள் ஒரே முகவரியை ஆயிரக்கணக்கானோருக்குப் பகிர்ந்து கொடுப்பதால், யாரோ செய்த குறும்புக்கு நம் மாணவர் தடைபடுகிறார். ஆப்பிரிக்காவெங்கும் தொகுப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் எழுப்பிவரும் குறை இது. தடைச் செய்தியைத் திரைப்பிடிப்பு எடுத்து, அதிலுள்ள தடை எண்ணோடு விலக்கு கேட்டு எழுத வேண்டும். முகவரி தெரியும் படத்தைப் பொதுவில் போடாதீர்கள்.

ஒளிப்படங்களில் நீக்கம் அதிகமாக இருந்தது. சமூக ஊடகத்தில் கிடைத்த படத்தைச் 'சொந்தப் படைப்பு' என்று விக்கியின் படக் கிடங்கான பொதுவகத்தில் ஏற்றக் கூடாது என்பது தெரிந்ததே. ஆனால் தாமே எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பி, அங்கிருந்து ஏற்றியவர்களின் படங்களும் ஐயத்துக்குள்ளாயின. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, கேமராத் தகவல்களையும் நீக்கிவிடுகிறது. எடுத்த கைப்பேசியிலிருந்தே மூலக்கோப்பை ஏற்றுங்கள்.

இயந்திர மொழிபெயர்ப்பைப் பற்றி என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. பரிசுப் போட்டிகளுக்காக ஆங்கிலக் கட்டுரைகளை அப்படியே கருவியில் ஓட்டி இறக்குபவர்களால் சுவாஹிலி விக்கிப்பீடியாவின் நிர்வாகிகள் களைத்துப்போயிருக்கிறார்கள். சுவாஹிலியில் பெயர்ச்சொல்லின் வகைக்கேற்ப வினையின் முன்னொட்டு மாறும். கியோங்கோசி, அதாவது தலைவர், 'கி' வகைச் சொல்போலத் தோன்றினாலும் மனிதரைக் குறிப்பதால் வினைச்சொல் 'அ' முன்னொட்டோடு வர வேண்டும். கருவி அதைத் தவறவிட்டால் தலைவர் அஃறிணை ஆகிவிடுவார். 'நான்கு மணி' என்பது 'சா ன்னே' ஆகிவிடும்; சுவாஹிலியில் அது பத்து மணி, ஏனெனில் அங்கே மணிக்கணக்கு விடியலில் தொடங்குகிறது. ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துத் திருத்தாதவர் மொழிபெயர்ப்புக் கருவியைத் தொட வேண்டாம். நம் சங்கம் கட்டுரை எண்ணிக்கைக்குப் பரிசு தரும் போட்டி எதையும் நடத்தவில்லை. நான் பொறுப்பில் இருக்கும்வரை நடத்தவும் மாட்டேன்.

இனி வருத்தமான செய்தி. நான்கு புதியவருக்கு ஒரு பயிற்றுநர் என்பது நாம் கூடி எடுத்த முடிவு. பயிற்றுநர் பட்டியலில் பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் ஆண்டு முழுதும் ஓர் அமர்வுக்கும் வரவில்லை. சில சனிக்கிழமைகளில் பன்னிரண்டு பேருக்கு ஒருவரே நின்றோம். அமர்வு நாளைவிட அதற்குப் பிந்திய மூன்று வாரங்கள் முக்கியம். புதியவரின் முதல் திருத்தம் மீளமைக்கப்படும்போது அவருக்குச் செய்தி எழுதும் பேச்சுப் பக்கத்தில் இரண்டு நாளுக்குள் யாராவது காரணம் சொன்னால் திரும்பி வருகிறார், சொல்லாவிட்டால் போய்விடுகிறார். இதற்கு நேரில் வரவும் தேவையில்லை. ஒதுக்கப்பட்ட நால்வரின் திருத்தங்களைப் பட்டியலிடும் பங்களிப்புப் பக்கத்தை வாரம் இருமுறை திறந்து பார்த்தால் போதும். அதையும் செய்யாதவர்களிடம் பலமுறை நினைவூட்டினேன், பதில் இல்லை. பெயர் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும்.

சந்தாவும் அப்படியே. மாதம் 5,000 ஷில்லிங். பலர் ஏப்ரலுக்குப் பின் கட்டவில்லை. வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே வைப்பார். சுருக்கமாக, வரவும் செலவும் ஏறத்தாழ ஒத்துப்போயின. பெரும்பகுதி இணையப் பொதிக்கும், அறை வாடகைக்கும், சாய்க்கும் மந்தாசிப் பலகாரத்துக்கும் சென்றது. சில சிறு செலவுகளுக்குச் சீட்டு இன்னும் வரவேண்டியிருக்கிறது.

அறை தந்தவர்களுக்கும், மடிக்கணினி இரவல் தந்தவர்களுக்கும், மின்வெட்டு நாள்களில் பவர்பேங்க் கொண்டுவந்தவர்களுக்கும், நம் மாணவர்களின் பிழைகளைப் பொறுமையாகத் திருத்திய சுவாஹிலி விக்கிப்பீடியா நிர்வாகிகளுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் நகரத்தின் எஞ்சிய வார்டுகளை முடித்துவிட்டு சொங்வேக்குப் போக எண்ணம். இதற்கு ஆறு பயிற்றுநர் வேண்டும். இப்போது உறுதியாக இருப்பவர் மூவர். ஆறு பேர் சேராவிட்டால் ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேரைச் சேர்ப்பதை நிறுத்தி நால்வரை மட்டும் எடுப்பேன். காத்திருப்போர் காத்திருக்கட்டும் என்று சொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் வேறு வழியும் இல்லை. பேச்சுப் பக்கம் பார்க்க மட்டும் முடிகிறவர்களும் பெயர் தரலாம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். நிலுவைச் சந்தாவை இன்று கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் கட்டலாம். முதல் அமர்வு சனவரி மூன்றாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, சுவாஹிலிக் கணக்கில் சா ன்னே.

செயலாளர்