'போட்டுத் தள்ளுங்க' என்று எழுதுகிறவர்களுக்கு

வணக்கம். தொடர் கொலை என்று செய்தி வந்து, முகத்தைத் துணியால் மூடி ஒருத்தனைக் கூட்டிப்போகிற படமும் வந்துவிட்டால் போதும், 'இதுக்கெல்லாம் எதுக்குங்க கேஸு, கோர்ட்டு' என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். கோபம் எனக்கும் வரும். ஆனாலும் இங்கிலாந்தில், லெஸ்டர் பக்கத்துக் கிராமங்களில் நடந்ததைக் கொஞ்சம் கேளுங்கள்.

1983 நவம்பரில் நார்பரோவில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி வன்கொடுமை செய்யப்பட்டு, கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தாள். 1986 ஜூலையில் பக்கத்து ஊரான எண்டர்பியில் இன்னொரு சிறுமி, அதே வயது, அதே விதம். 17 வயதுப் பையன் ஒருவன் பிடிபட்டான். எண்டர்பி கொலையைச் செய்தது நான்தான் என்று அவனே ஒப்புக்கொண்டான், முதல் கொலையை மட்டும் இல்லவே இல்லை என்றான். அப்புறம் என்ன, நீங்களாக இருந்தால் அன்றைக்கே தீர்ப்பு எழுதியிருப்பீர்கள்.

இரண்டையும் செய்தது அவன்தான் என்று உறுதிசெய்யத்தான் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அலெக் ஜெஃப்ரிஸிடம் போலீஸ் போனது. எக்ஸ்ரே ஃபிலிமில் கறுப்புக் கோடுகளாக, கடைச் சாமான் மேல் இருக்கும் பார்கோடு மாதிரி விழும் டிஎன்ஏ அடையாளம் ஆளுக்கு ஆள் மாறும் என்று 1984-இல் கண்டுபிடித்தவர் அவர். ஃபிலிம்களை அடுக்கிப் பார்த்தால், இரண்டு உடல்களிலும் இருந்த விந்து ஒரே ஆளுடையது. அந்தப் பையனுடையது இல்லை! ஒரு கொலை வழக்கில் டிஎன்ஏ முதன்முதலில் செய்த வேலையே ஒருவனை வெளியே விட்டதுதான்.

1987-இல் சுற்றுவட்டாரத்து ஆண்கள் சுமார் 5,000 பேரிடம் ரத்தமும் எச்சிலும் எடுத்தார்கள். ஒருவரும் சிக்கவில்லை, ஏனென்றால் காலின் பிட்ச்ஃபோர்க் என்ற பேக்கரிக்காரன் தன் பாஸ்போர்ட்டில் கூட வேலை பார்த்தவனின் படத்தை ஒட்டி, தனக்குப் பதிலாக அவனை ரத்தம் கொடுக்க அனுப்பிவிட்டான். போனவன் பப்பில் உட்கார்ந்து அதை உளறியிருக்கிறான், கேட்ட ஒரு பெண் போலீஸில் சொல்லிவிட்டார். (ஆய்வுக்கூடம் மட்டும் போதாது, இப்படிக் காது கொடுத்துக் கேட்கிறவரும் வேண்டும்.) செப்டம்பரில் பிட்ச்ஃபோர்க்கைப் பிடித்துச் சோதித்தார்கள், கோடுகள் பொருந்தின.

1988 ஜனவரியில் அவனுக்கு ஆயுள் தண்டனை. அந்தப் பையன் அதற்கு ஒரு வருடம் முன்பே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தான்.