விருத்தாசலத்தை விட்டுவிட்டீர்களே!

ஐயா,

சோழ அரசி செம்பியன் மாதேவி பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். தில்லை நடராசர் மீது பதிகம் பாடிய கண்டராதித்தரின் மனைவி, உத்தம சோழரின் தாய் என்று உறவுமுறை சொல்லியே பாதிப் பக்கம் போய்விட்டது. விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலைக் கல்லால் எடுப்பித்தவர் அவர்தானே! கடலூர்ப் பதிப்பிலேயே அதற்கு ஒரு வரி இல்லை. கணவர் மறைந்தபோது மகன் சிறுவன். அரியணை கொழுந்தன் அரிஞ்சயருக்குப் போனது. மாதேவியோ ராஜராஜன் காலம்வரை செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக, அதாவது கற்கோயில்களாக, ஆக்கிக்கொண்டே இருந்தார். கணவர் நினைவாக எழுப்பிய கோனேரிராஜபுரம் கோயிலில், கண்டராதித்தர் லிங்கத்தை வழிபடும் சிற்பம் கல்வெட்டோடு இருக்கிறது. அழகான சிற்பம், அதையும் காணோம். ஞாயிறு இணைப்பிலாவது விருத்தாசலம் கோயிலின் படத்தைப் போடுங்கள்.

– வாசகர், கடலூர் முதுநகர்