அந்த ரைபிளில் கட்டி ஸ்பிரிங் போடாதே மக்கா

மக்கா,

உன் கடிதமும் போட்டோவும் கிடைத்தது. குலசேகரத்தில் மழை விடவில்லை, ரப்பர் பால்வெட்டு நடக்கவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே நாகர்கோவிலிலும் துணி காயாத மழைதான். அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி எல்லாரும் சுகம். மைனியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன் அப்பாவின் ஏர் ரைபிளை மச்சிலிருந்து இறக்கிவிட்டாய் என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் அதற்கு அடுத்த வரியில், கடையில் சொன்னார்கள் என்று இன்னும் கட்டியான ஸ்பிரிங் வாங்கிப் போடப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைத் தயவுசெய்து செய்யாதே. காரணத்தை முழுசாகச் சொல்லுகிறேன்.

பேரலை மடக்கும்போது ஸ்பிரிங் அமுங்கி பிஸ்டன் பின்னால் போய் மாட்டிக்கொள்கிறது. டிரிகரை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாய்ந்து, சிலிண்டரில் இருக்கிற காற்றை நசுக்கி, ஒரு சின்ன ஓட்டை வழியாக ரவைக்குப் பின்னால் தள்ளுகிறது. சிலிண்டர் எவ்வளவு காற்றுப் பிடிக்குமோ அவ்வளவுதான் தள்ள முடியும், ஸ்பிரிங் எவ்வளவு கட்டியானாலும் காற்று கூடப்போவதில்லை. கூடுவது உதறல்தான். ரவை பேரலை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே துப்பாக்கி ஒருமுறை பின்னால் உதைத்து, பிஸ்டன் போய் நின்றதும் முன்னாலும் குதித்துவிடும், அதனால்தான் ஸ்பிரிங் ரைபிளைச் சரியாகச் சுடுவது இவ்வளவு கஷ்டம். கட்டி ஸ்பிரிங் போட்டால் அந்த உதறல் இரண்டு பக்கமும் கூடும், பிஸ்டன் முனை அடிபடும், டிரிகர் கொக்கி தேயும், மடக்கவும் கை வலிக்கும். குறி மட்டும் கெட்டுப்போகும்.

சட்டமும் இருக்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி குழல் 4.5 மி.மீ., சக்தி 20 ஜூல், இதற்கு மேல் போனால் லைசென்ஸ் வேண்டும். அரை கிராம் ரவை நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் 10 ஜூல். பத்து மீட்டரில் பேப்பர் சுட அதுவே தாராளம்.

இன்னொன்று. முதல் சில வெடி டமாரென்று கேட்டது, குழல் வாயில் புகை வந்தது, இன்னும் நல்ல பவர் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அது பவர் இல்லை மக்கா, உள்ளே எண்ணெய் எரிகிறது. காற்றைச் சட்டென்று நசுக்கும்போது வருகிற சூட்டில் டீசல் எஞ்சினில் பற்றுகிற மாதிரியே பற்றிக்கொள்ளும். யாரோ எப்போதோ தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விட்டிருப்பார்கள், நம் ஊரில் துருப்பிடிக்கிற எதற்கும் முதலில் கை போவது தேங்காய் எண்ணெய்க்குத்தானே. அது உள்ளே பிசினாக உறைந்துபோகும், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து எடுக்கவேண்டும். அதுவரை சுடாதே, ஸ்பிரிங்குக்கும் வாசருக்கும் கேடு.

இனி வேலைக்கு வருவோம். முதலில் கழற்றவே வேண்டாம். மரக்கட்டையைப் பிடித்திருக்கிற ஸ்குரூக்களை முறுக்கிப் பார், பேரல் மடங்குகிற இடத்துப் போல்ட்டையும் பார். குறி ஊர் சுற்றுகிறது என்று சொல்கிற ரைபிள்களில் பாதிக்கு இதுதான் வியாதி. அப்புறம் பேரல் வந்து மூடுகிற இடத்தில் இருக்கிற வாசர். உள்ளே எண்ணெயைத் துடைத்து முடித்த பிறகு, டிஷ்யூ பேப்பரை மெல்லிசாகக் கிழித்து அந்த இடுக்குக்கு மேலே வைத்து, ரவை போட்டு ஒரு வெடி சுடு. பேப்பர் ஆடினால் அங்கே காற்றுப் போகிறது, வாசரை மாற்றவேண்டும். காலியாக மட்டும் சுட்டுப் பார்க்காதே, ரவை இல்லாவிட்டால் பிஸ்டனுக்கு முன்னால் மெத்தையாக நிற்க காற்று இருக்காது, போய் இரும்பில் இடிக்கும்.

உள்ளே திறக்கிறது பற்றி: நீ தனியாகத் திறக்காதே. சும்மா இருக்கும்போதே ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கித்தான் இருக்கும், பின்பக்கத்துக் கட்டையைக் கழற்றினால் முகத்துக்கு வரும். அதை அமுக்கிப் பிடித்து மெதுவாக விடுகிற கிளாம்ப் ஒன்று என்னிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

நிஜமான அப்கிரேடு என்றால் எனக்கு ஸ்பிரிங் கைடுதான். ஸ்பிரிங்குக்கு உள்ளே ஒரு தண்டு போகும் இல்லையா, பழைய ரைபிள்களில் அது லொடலொடவென்று இருக்கும், வெடித்ததும் ஸ்பிரிங் அதன் மேல் அடித்துக்கொண்டு ங்கொய்ங் என்று ஒரு அதிர்வு கன்னத்தில் ஏறும். வடசேரியில் எனக்குத் தெரிந்த லேத்தில் டெல்ரின் என்கிற கெட்டி பிளாஸ்டிக் கம்பியில் ஒரு கைடு கடைந்து வாங்கலாம். ஸ்பிரிங்கை அதன் மேல் கையால் திருகி ஏற்றுகிற அளவுக்கு இறுக்கமாக இருக்கவேண்டும். ஸ்பிரிங்கின் இரண்டு முனையையும் எமரி பேப்பரில் தேய்த்துத் தட்டையாக்கி, மாலி கிரீஸை (மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ்) விரலால் மெல்லிசாகப் பூசினால் போதும். அந்தச் சத்தம் போய் ‘டப்’ என்று ஒரு அடக்கமான வெடி வரும், பிறகு நீயே கட்டி ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசமாட்டாய். கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்து ஸ்பிரிங் கோணியிருந்தால் மட்டும் அதே அளவில் புதுசு போடலாம்.

பிஸ்டன் வாசர் தோல் என்று நினைக்கிறேன். தோலானால் காய விடக்கூடாது, உள்ளே துடைத்த பிறகு காற்று ஓட்டையில் சிலிக்கான் எண்ணெய் ஒன்றிரண்டு சொட்டு விட்டு வாய் மேலே பார்க்க ஒரு ராத்திரி நிறுத்திவை. ஸ்பிரிங்கிலும் டிரிகரிலும் சிலிக்கான் வேண்டாம், இரும்போடு இரும்பு உரசுகிற இடத்தில் அது நிற்காது. வெளியே ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் எண்ணெய்த் துணியால் துடை, உப்புக்காற்று மணக்குடிக் கடற்கரையோடு நிற்பதில்லை, உன் வீட்டில் மழைக்காலத்து ஈரம் வேறு. அந்த ஸ்பாஞ்சு வைத்த பெட்டிக்குள் பூட்டாதே, அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பக்கத்து எஸ்டேட்காரர் குரங்கு விரட்டக் கேட்டார் என்று எழுதினாயே, கொடுக்காதே. 1972 வனவிலங்குச் சட்டம் அதற்கு வருகிறது, அதுவும் இல்லாமல் ஒரு ரவை உடம்பில் தங்கி அந்தப் பிராணி எத்தனை நாள் சாகும்? மயிலுக்கும் இதே பதில்தான். அதற்குப் பதில் சின்னவளுக்குக் குறிபார்த்துச் சுடச் சொல்லிக்கொடு. கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் சுடுவது இதே 4.5 மி.மீ., பத்து மீட்டர். அதில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளி அரை மி.மீ. அகலம். ரைபிளை இறுக்கிப் பிடிக்காமல் கைமேல் சும்மா கிடக்க விட்டுச் சுடப் பழக்கு. பின்னால் நல்ல மண்மூட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, நீ பக்கத்தில் இல்லாமல் சுடக்கூடாது.

சரி, ஞாயிறுக்குள் ஒரு வேலை. வெர்னியர் வைத்து சிலிண்டர் வெளிவிட்டமும் பேரல் வாசரின் குறுக்களவும் அளந்து எழுதிவிடு, வாசரை இங்கேயே தோலில் வெட்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.