உருளைக்கிழங்கு உரிக்கும் படம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் 'உலகின் மிகச் சிறந்த படம் எது?' கட்டுரையைப் படித்தேன். லண்டனிலிருந்து வரும் சைட் அண்ட் சவுண்ட் சினிமா பத்திரிகை பத்து வருஷத்துக்கு ஒரு முறை விமர்சகர்களிடம் நடத்தும் வாக்கெடுப்பில், 2022இல் 'ழான் டீல்மான்' என்ற படம் முதலிடம் பெற்றதைக் கட்டுரையாளரால் தாங்க முடியவில்லை. அவர் பாடு. ஆனால், "ஒரு பெண் அடுக்களையில் உருளைக்கிழங்கு உரிப்பதைப் பார்க்க சினிமா எதற்கு, அதை வீட்டிலேயே பார்க்கலாமே" என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். சிரிப்பு மூட்டுவதாக நினைத்திருப்பார் போலிருக்கிறது. வீட்டிலேயே பார்க்கலாம்தான் ஐயா. அவர் எத்தனை நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்று தயவுசெய்து கேட்டுச் சொல்லுங்கள்.

நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். மகள் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தாள். மூன்று மணி இருபது நிமிடம். இரண்டு ராத்திரி ஆயிற்று. முதல் ராத்திரி கொஞ்சம் கண்ணயர்ந்ததையும் ஒப்புக்கொள்கிறேன். கணவனை இழந்த ஒருத்தி, பள்ளிக்கூடம் போகும் மகன், மூன்று நாள். அறையை விட்டு வெளியே வரும்போதெல்லாம் விளக்கை அணைக்கிறாள். காமிரா ஒரே இடத்தில் நிற்கிறது. இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துவிடுகிறது. பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் அங்குமிங்கும் போகிறாள். எனக்கு அங்கேதான் தூக்கம் போயிற்று. 1987இல் ஒரு நாள் எங்கள் வீட்டிலும் சாதம் குழைந்தது. என்ன நடந்தது என்பது இந்தக் கடிதத்துக்கு வேண்டாம். சாதம் ஏன் குழைந்தது என்று வீட்டில் ஐந்து பேர் கேட்டார்கள். உனக்கு என்ன என்று ஒருவர் கேட்கவில்லை. முடிவை நான் சொல்ல மாட்டேன். உங்கள் கட்டுரையாளர்தான் இரண்டாம் பத்தியிலேயே சொல்லிவிட்டாரே!

அவர் கோபத்தில் கணக்கும் தப்பிவிட்டது. 'சிட்டிசன் கேனைக் கீழே தள்ளிவிட்டு' என்கிறார். 1962 முதல் 2002 வரை ஐந்து முறை முதலிடத்தில் இருந்த, ஆர்சன் வெல்ஸ் எடுத்த அந்தப் படத்தை 2012இலேயே ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' தள்ளிவிட்டது தாங்கள் அறியாததல்ல. பத்து வருஷம் தாமதமாகத் துக்கம் விசாரிக்கிறார். அப்புறம், '1,639 விமர்சகர்களும் இதுதான் முதல் படம் என்றார்களாம்' என்கிறார். அப்படி யாரும் சொல்லவில்லை. ஆளுக்குப் பத்துப் படம் எழுதுவார்கள், பத்துக்கும் ஒரே மதிப்பு. அதிகப் பேருடைய பட்டியலில் எது இருக்கிறதோ அது மேலே வரும். கல்யாண வீட்டில் எல்லோர் இலையிலும் ரசம் இருந்தால், எல்லோருக்கும் ரசம்தான் உயிர் என்றா அர்த்தம்?

'டைம்' பத்திரிகை 2005இல் நூறு படப் பட்டியல் போட்டபோது 'நாயகன்' அதில் இருந்தது. உலகமே ஒப்புக்கொண்டது என்று தாங்கள் அட்டைப்படக் கட்டுரையே வெளியிட்டீர்கள். நாயகன் எனக்கும் பிடித்த படம்தான். ஆனால் அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் இரண்டே இரண்டு விமர்சகர்கள். இரண்டு பேர் சொன்னால் உலகம், ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் பேர் சொன்னால் சதி. நல்ல கணக்கு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் எங்கள் ஊரில் ஒரு ஃபிலிம் சொசைட்டி இருந்தது. நானும் சந்தா கட்டிய உறுப்பினர். கணவர் கணக்கில் வந்தவள் இல்லை. பள்ளிக்கூட ஹாலில் 16 எம்எம் புரொஜெக்டர் வைத்து 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்ற இத்தாலியப் படம் போட்டார்கள். 1952இல் முதல் வாக்கெடுப்பு நடந்தபோது முதலிடம் பெற்றது அதுதான், அப்போது அதற்கு வயது நாலு. கடைசி ரீல் மாற்றும் நேரத்தில் செயலாளர் என்னிடம் வந்து, "அம்மா, படம் முடிந்ததும் அறுபது பேருக்கு டீ வேண்டும், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். பார்த்துக்கொண்டேன். அந்தப் படத்தில் வரும் தகப்பனும் பிள்ளையும் கடைசியில் என்ன ஆனார்கள் என்று நான் பார்த்தது இருபது வருஷம் கழித்து, டிவிடியில். டீ நன்றாக இருந்தது என்றார்கள்.

எனக்கு ஓட்டுக் கொடுத்தால் ழான் டீல்மானுக்குப் போட மாட்டேன், சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி'க்குத்தான் போடுவேன். 1992இல் முதல் பத்துக்குள் இருந்த படம், இப்போது 35ஆம் இடத்தில் இருக்கிறது. எனக்கும் வருத்தம்தான். அதற்காக இன்னொருத்தியின் உருளைக்கிழங்கைக் கேலி செய்வேனா?

ஒன்றரைப் பக்கக் கட்டுரையில் ஹிட்ச்காக் ஆறு முறை வருகிறார், ஆர்சன் வெல்ஸ் நாலு முறை. ழான் டீல்மானை எடுத்தவர் பெயர் ஒரு தடவைகூட இல்லை. 'ஒரு பெல்ஜியப் பெண்மணி' என்று போட்டிருக்கிறீர்கள். அவர் பெயர் ஷாந்தால் அக்கர்மான். 1975இல் படம் கான் விழாவில் திரையிடப்பட்டபோது அவருக்கு இருபத்தைந்து வயது முடியவில்லை. முதலிடம் கிடைத்த செய்தியைக் கேட்க அவர் இல்லை, 2015இலேயே இறந்துவிட்டார். அடுத்த இதழில் திருத்தம் என்று அந்தப் பெயரை ஒரே ஒரு வரி போடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் ரே படங்களைப் பற்றி நாலு பக்கம் எழுதி அனுப்பினேன். பதிலே இல்லை. வாழைப்பூ கறுக்காமல் இருக்க மோரில் போடச் சொல்லி ஒரு கார்டு எழுதினேன், இரண்டே வாரத்தில் கட்டம் கட்டி வெளியிட்டீர்கள். ஆகவே இன்னும் ஒரு சிறு விண்ணப்பம்: உருளைக்கிழங்கு என்ற சொல் அடிக்கடி வருகிறதே என்று இதைச் சமையல் பக்கத்தில் சேர்த்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.