பூட்டை உடைத்தவருக்கும் நன்றி

ராயபுரத்து மக்களுக்கும், வெளியூரிலிருந்து பணம் அனுப்பிய பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

பூட்டிக் கிடந்த நம் பழைய பள்ளிக்கூடக் கட்டடம் மறுபடி திறந்துவிட்டது. முன்பக்க இரண்டு அறைகளில் பால்வாடி. நடு ஹாலில் நூலகம், சாயங்காலம் அங்கேயே டியூஷன். பின்கட்டில் தையல் வகுப்பு. வேப்பமரத்தடியில் பெரியவர்களின் கேரம்.

முதல் நன்றி யாருக்கு என்று கமிட்டியில் ஒரே சண்டை. என்னைக் கேட்டால் பூட்டை உடைத்தவருக்குத்தான். பிள்ளைகள் குறைந்து, பக்கத்துப் பள்ளியோடு சேர்த்த பிறகு கட்டடம் பூட்டியே கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர். நனையாமல் நின்றது இந்த உயரமான தாழ்வாரம் மட்டும்தான். ராத்திரியோடு ராத்திரியாக யாரோ பூட்டை உடைத்தார்கள். மூன்று நாள் தெருவே உள்ளே குடியிருந்தது. உடைத்தது யார் என்று இன்று வரை யாரும் கேட்கவில்லை. இதை ஏன் சும்மா பூட்டி வைத்திருக்கிறோம் என்ற பேச்சு அங்கேதான் கிளம்பியது.

அப்புறம் மேஸ்திரி தாத்தா. பார்க்க வந்த இன்ஜினியர் ஒருவர், கூரை தாங்காது, இடித்துவிடுங்கள் என்றார். நாங்களும் சரி என்று தலையாட்டிவிட்டோம். தாத்தா ஏணி போட்டு ஏறி, தேக்குச் சட்டங்களைச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். "நாலுதான் செத்திருக்கு. மத்ததெல்லாம் உங்க எலும்பைவிட கெட்டி" என்றார்.

அது மெட்ராஸ் டெரஸ். சட்டங்கள் மேல் சின்னச் சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில் சாய்வாக அடுக்கி, அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி, நாள் கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கிய தளம். கெடுத்தது கடல் காற்று இல்லை, எப்போதோ சுவரில் பூசிய சிமெண்ட். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும்; சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். அதைக் கொத்தி எடுக்கவே இரண்டு மாதம் ஆனது. புதுப் பூச்சுக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்தோம். தெரு முழுக்கப் புளித்த வாடை. எதிர்வீட்டு அக்கா தினமும் திட்டினார். திட்டிவிட்டு டீயும் கொடுத்தார். அவருக்குத் தனி நன்றி.

காசிமேட்டு அண்ணன்கள் கரைக்கு வந்த கையோடு வந்து மணல் சுமந்தார்கள். கையில் வலை வாசம், தோளில் மூட்டை. அனுமதிக்கு அலைந்த கதை வேண்டாம்; கடைசியில் கையெழுத்துப் போட்டவருக்கு நன்றி.

சமையல் கொட்டகையில் சத்துணவுக் காலத்து அண்டா ஒன்று கிடைத்தது. 1920-இல் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாநகராட்சி மதிய உணவு தொடங்கியதைச் சொல்லாமல் எங்கள் தமிழ் ஐயா சத்துணவுப் பாடத்தை முடித்ததே இல்லை. திறப்பு நாளில் அந்த அண்டாவில்தான் பொங்கல் வைத்தோம். ஈயம் பூசித் தந்தவர் காசு வாங்கவில்லை.

ஒரு விஷயம். கேரம் பவுடர் தீர்ந்துவிட்டது. பெரியவர்கள் பால்வாடியின் முகப் பவுடரில் கை வைக்கிறார்கள். வருகிறவர்கள் ஒரு டப்பா வாங்கி வந்தால் புண்ணியம்.

இப்படிக்கு,
பழைய மாணவர்கள் கமிட்டிக்காக, கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன்