ஒன்றும் தென்படாத நாளையும் குறித்து வையுங்கள்

சுற்றுலாக் கடற்கரைகளை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஜெல்லி மீன் கரை ஒதுங்கினால் அதை முதலில் பார்ப்பது உங்கள் அலுவலகம் இல்லை. விடிகாலையில் நடக்க வருபவர், வலை இழுக்கும் மீனவர், மணல் தோண்டும் குழந்தை, இவர்கள்தான். ஃபோனில் படமும் எடுக்கிறார்கள். அந்தப் படம் வாட்ஸ்அப்பில் நாலு பேரைச் சுற்றி வருகிறது. உங்களிடம் மட்டும் வருவதில்லை. அனுப்ப ஒரு வழி வைத்தால்தானே?

இது புது யோசனையும் இல்லை. இத்தாலியில் 2009-இலேயே கடல் உயிரியலாளர் ஃபெர்டினாண்டோ போயரோ பொதுமக்களிடமிருந்து ஜெல்லி மீன் தகவல் திரட்டத் தொடங்கிவிட்டார்.

ஒரு படத்தில் என்ன கிடைத்துவிடும் என்று கேட்கலாம். 'போர்த்துகீசியப் போர்க்கப்பல்' என்னும் நீலநிற உயிரியையே எடுத்துக்கொள்வோம். (அது அசல் ஜெல்லி மீன் அல்ல, பல உயிர்கள் ஒட்டி வாழும் கூட்டம். கொட்டு வாங்கியவருக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டில்லை.) காற்றடைத்த அதன் பைமேல் பாய்போல ஒரு விளிம்பு எழும்பியிருக்கும். சிலவற்றில் அது இடப்பக்கம் அமைந்திருக்கும், சிலவற்றில் வலப்பக்கம். அதனால் ஒரே காற்றில் இரு வகையும் வெவ்வேறு பக்கம் விலகிப் போகும். மேலிருந்து எடுத்த படம், அளவு தெரியப் பக்கத்தில் ஒரு செருப்பு, நேரம், காற்றின் திசை: இவ்வளவும் இருந்தால், அவை எப்பக்கமிருந்து வந்தன என்று ஆய்வாளர்களால் ஊகிக்க முடியும்.

முதலுதவிக்கும் இனம் தெரிய வேண்டும். பெட்டி ஜெல்லி மீன் கொட்டினால் வினிகர் ஊற்றச் சொல்லும் ஆஸ்திரேலிய முதலுதவி நெறிமுறை, நீலநிறப் போர்க்கப்பலுக்கு வினிகர் வேண்டாம், பொறுக்கும் சூட்டில் வெந்நீர் என்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே பலகை எழுதி நட்டால் எப்படி?

படம் கேட்கும்போதே 'தொடாதீர்கள்' என்பதையும் கொட்டை எழுத்தில் போடுங்கள். செத்துக் கிடந்தாலும் அதன் கொட்டும் செல்கள் வேலை செய்யும்.

நான் முக்கியமாகக் கேட்பது வேறு. விடுமுறை நாளில் கூட்டம் கூடும், தகவலும் குவியும். மழைநாளில் ஒன்றும் வராது. அன்று கடல் சுத்தமாக இருந்ததா, பார்க்க ஆளில்லையா? இது தெரியாமல் வரைபடம் போட்டால் அது மனிதக் கூட்டத்தின் வரைபடம்தான். ஆகவே உயிர்காப்பாளர்கள் தினமும் குறித்த நேரத்தில், குறித்த தூரம் நடந்து எண்ணட்டும். ஒன்றுமில்லையென்றால் பூஜ்யம் என்று எழுதட்டும்.

கடலில் கொட்டும் உயிரிகள் உண்டு என்று எச்சரிக்கும் ஊதாக் கொடி ஏற்றினால் வியாபாரம் படுத்துவிடும் என்று தயங்காதீர்கள். கொட்டு வாங்கியவர் போடும் வீடியோ கொடியைவிட வேகமாகப் பரவும்.

தகவல் அனுப்பியவருக்கு, அது எந்த இனம் என்று ஒரு வரியாவது பதில் போடுங்கள். பதில் வராத இடத்துக்கு யாரும் இரண்டாவது படம் அனுப்பமாட்டார்கள்.

இப்படிக்கு,
கடலில் குளிக்கும் ஒருவர்